பெயர்ந்தனரா, பெயர்க்கப்பட்டனரா?

போக்குவரவையும் குடியமர்வையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘மூவ்’, ‘லேண்ட்’, ‘செட்டில்’ என்பன எளியவை. ஆயினும் அவற்றைத் தமிழாக்கப் புகும் ஆசிரியர் தயங்க நேரும். ‘மூவ்’ என்பது பெயர்ந்தான், பெயர்த்தான் எனும் இரண்டுக்கும் பொது. ‘லேண்ட்’ இறங்கினான் என்றும் இறக்கினான் என்றும் நிற்கும். ‘செட்டில்’ என்பதும் குடியேறினான், குடியேற்றினான் என இரு பொருள் தரும். தமிழிலோ தன்வினை வேறு, பிறவினை வேறு. ஏறு என்பது ஏற்று என இரட்டித்தும், இறங்கு என்பது இறக்கு என மெல்லினம் வல்லினமாகத் திரிந்தும் பிறவினையாகும்.

ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு முற்றும் அற்றுப்போகவில்லை. ‘சிட்’ என்றால் அமர்தல். அதன் பிறவினையாகப் பிறந்ததே ‘செட்’. நம் இரு, இருத்து என்பவற்றுக்கு இவை ஒப்பானவை. எனினும் மேற்கூறிய மூன்று சொற்களிலும் வடிவம் ஒன்றே.

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதுங்கால் இது வெறும் இலக்கணச் செய்தி அன்று. ‘தமிழர் மலாயாவில் குடியேறினர்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். அது யாருக்குப் பொருந்தும் என்று காண்போம்.

கோலாலம்பூர்–கிள்ளான் இருப்புப்பாதை 1886-இல் திறக்கப்பட்டது. பின்னர் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணி நாடி வந்த யாழ்ப்பாணத் தமிழர் பலர் பிரிக்ஃபீல்ட்சில் இல்லம் அமைத்தனர். அங்கே 1904-இல் விவேகானந்த ஆசிரமமும் தோன்றியது. இவர்களைக் குடியேறினர் எனல் தகும்.

ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் நிலை வேறு. அவர்களை ஏற்றினர், இறக்கினர், தோட்டத்தில் இருத்தினர். காலம் முடியுமுன் விலகுவது குற்றமாகக் கொள்ளப்பட்டது. அம்முறையில் ஆள் சேர்ப்பது 1910-இல் நின்றது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது கங்காணி முறை. கங்காணி தன் ஊருக்கே சென்று ஆள் சேர்த்தான். 1907-இல் நிறுவப்பெற்ற தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் தண்டிய வரியால் கப்பற்செலவை ஏற்றது. வந்தவர் தாமே ஏறினர். ஆனால் வறுமையும் கங்காணியின் வாய்ச்சொல்லும் சேர்ந்தே அவர்களை ஏற்றின. இந்திய அரசு 1938-இல் தடை விதிக்க, இவ்வழி அடைபட்டது.

குடியேறியபின்னும் பிறவினை ஓயவில்லை. 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, அவசரகாலத்தில் மக்களை முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியமர்த்தினர். பெரும்பாலும் சீனர் வாழ்ந்த நம் சுங்கை வே புதுக்கிராமமும் அவற்றுள் ஒன்று. தோட்டத் தொழிலாளரின் லயங்களையும் பலவிடங்களில் ஒன்றுசேர்த்து வேலியிட்டனர். 1972-இல் இங்குத் தடையற்ற வாணிப வட்டாரம் எழுந்தது. 1976 முதல் சீஃபீல்டு தோட்ட நிலத்தில் சுபாங் ஜெயா நகர் வளர்ந்தது. தோட்டம் நகராகும்போது லயத்து மக்கள் பெயர்கின்றனரா, பெயர்க்கப்படுகின்றனரா என்பதே கேள்வி.

மறுபுறமும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் செலுத்தினர்; அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. அங்கே அவர்கள் இருத்தப்பட்டவர் அல்லர், இருந்தவர்.

என் இளமையில் தோட்டத்துப் பெரியவர்கள், ‘கப்பலேறி வந்தோம்’ என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். ‘ஏற்றிக்கொண்டு வந்தார்கள்’ என்று சொன்னவர் அரியர். தம் வாழ்வைத் தம் வினையாகவே உரைத்த அத்தன்மானம் போற்றத்தக்கது. ஆயினும் அதைக் காட்டி, ஏற்றியவர் எவர் என்பதை வரலாறு மறந்துவிடலாகாது.

ஆசிரியர்க்கு ஓர் எச்சரிக்கை. ‘குடியேற்றம்’ என்னும் பெயர்ச்சொல் ஏறியதையும் குறிக்கும், ஏற்றியதையும் குறிக்கும். அதனோடு நின்றுவிட்டால் நாமும் ஆங்கிலத்தைப் போலவே செய்தவரை மறைத்தவராவோம். ஆகவே மாணவர்க்கு இப்பாடத்தை வினைமுற்றால் சொல்லுவோம். எழுவாயையும் விடாது எழுதுவிப்போம். ஏறினர் எனின் யார், ஏற்றினர் எனின் யார் என்று மாணவன் கேட்கட்டும்; வரலாற்றறிவு அக்கேள்வியில் தொடங்கும்.