நெய்தவர் யார்?

கல்முனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கி வடதிசையாகச் செல்லும் கடற்கரைப் பெருவழியில் மருதமுனை என்னும் ஊர் இருக்கின்றது. சாறம் என்றாலும் சேலை என்றாலும் இலங்கை மக்களின் நினைவுக்கு வரும் ஊர்களுள் அது ஒன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தறியில் அமர்ந்து தேடிய புகழ் அது. பாவினை ஓட்டி, மிதியை மிதித்து, நாடாவை எறிந்து, ஊடையை அடித்து நெருக்கி, இழை இழையாகத் துணியை வளர்க்கும் அத்தொழிலிற் கையும் காலும் கண்ணும் ஒருங்கே உழைத்தல் வேண்டும்.

அத்துணியைக் கையிலெடுத்துப் பார்ப்பவர் ஒரு கேள்வி கேட்பதுண்டு: “இது கைத்தறிதானா?” கேள்வி சிறிது, அதில் அடங்கிய பொருள் பெரிது. கைத்தறி பல நாள் உழைத்து நெய்வதை விசைத்தறி விரைவில் நெய்து குவித்துவிடும். இரண்டும் ஒரே பெயரோடு ஒரே கடையிலே தொங்குமாயின், விலையிலே தோற்பவர் கையால் நெய்தவரே.

நேயர்களே, துணியைக் குறித்து எழுந்த அந்தக் கேள்வி இன்று எழுத்தைக் குறித்தும் எழுந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ‘சாட்ஜிபிடி’ என்னும் உரையாடற் கருவி பொதுமக்களின் கைக்கு வந்தது. அதன் பின்னர்க் கடிதமாயினும் கட்டுரையாயினும் கவிதையாயினும், இதனை எழுதியவர் மனிதரா, எழுதியது பொறியா என்னும் ஐயம் கூடவே வருகின்றது. இந்த ஐயத்தைத் தெளியும் வழியாது? தறியிலிருந்தே அதனைத் தேடத் தொடங்குவோம். அவ்வாறு தொடங்குவதற்கு வரலாற்று நியாயமும் உண்டு; எழுதும் பொறிக்கும் நெய்யும் பொறிக்கும் உறவு இருக்கின்றது.

பிரான்சு நாட்டு லியோன் நகரில் ஜக்கார்ட் என்பவர் 1804ஆம் ஆண்டில் ஒரு தறியமைப்பை நிறுவினார். பூவும் கொடியுமாகத் துணியில் எழும் கோலத்தை, துளையிட்ட அட்டைகளின் வரிசை அந்தத் தறிக்கு உணர்த்தியது. துளை உள்ள இடத்தில் ஓர் இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. இந்த அட்டைகளையே ஆங்கிலக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு எடுத்துக்கொண்டார். தறி பூக்களை நெய்வதுபோல இப்பொறி கணிதக் கோலங்களை நெய்யும் என்று அடா லவ்லேஸ் 1843ஆம் ஆண்டில் ஒப்பிட்டுக் காட்டினார். இன்றைய கணினியின் முன்னோருள் தறியும் ஒன்று என்பது இதனாற் புலனாகும்.

பாபேஜிடம் ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று இருந்தது. ஏறத்தாழ 24,000 துளையட்டைகளைக் கொண்டு பட்டிலே நெய்யப்பட்ட படம் அது. கண்ணாடிச் சட்டத்துள் இருந்த அதனைக் கலைக்கழகத்து உறுப்பினர் இருவரே செதுக்குத் தகட்டிலிருந்து அச்சிட்ட சித்திரம் என்று மயங்கினார்கள் எனப் பாபேஜ் தம் நினைவுக் குறிப்பிற் கூறுகின்றார். கலையிலே பழகிய கண்களே ஏமாந்தன. ஆக்கப்பட்ட பொருளை மட்டும் நோக்கி, ஆக்கிய முறையை அறிவது எத்துணை அரிது என்பதற்கு இது ஒரு பழஞ்சான்று.

இனி, இந்திய நாடு இக்கேள்விக்குக் கண்ட விடையைப் பார்ப்போம். 1985ஆம் ஆண்டில் அங்கே இயற்றப்பட்ட சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே உரியனவென ஒதுக்கியது. முதலில் 22 ஆக இருந்த அவ்வகைகள் பின்னர் 11 ஆகக் குறைந்தன. 2006ஆம் ஆண்டில் கைத்தறி முத்திரை என்னும் அடையாளம் ஏற்பட்டது. நாம் கருதவேண்டியது இதுவே: துணியின் கரையையும் இழையையும் உற்றுநோக்குவதோடு அம்முறை அமையவில்லை. முத்திரை கேட்பவர் தம்மைப் பதிவு செய்யவேண்டும். அவருடைய தறி இருக்கும் இடமும் பார்வையிடப்படும். துணியை ஆராய்வதைக் காட்டிலும் தறியைச் சென்று காண்பதே உறுதியான வழி எனக் கண்டார்கள்.

எழுத்தைச் சோதிக்கப் புகுந்தவர்களோ முதலிலே துணியையே ஆராய்ந்தார்கள். சாட்ஜிபிடியை ஆக்கிய நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு சோதனைக் கருவியை வெளியிட்டது. பொறி எழுதியவற்றுள் நூற்றுக்கு 26-ஐ மட்டுமே அது கண்டுபிடித்தது. மனிதர் எழுதியவற்றுள் நூற்றுக்கு 9-ஐப் பொறியின் எழுத்தெனப் பிழையாகக் குறித்தது. அவ்வாண்டு ஜூலையிலேயே அக்கருவி திரும்பப் பெறப்பட்டது.

அதனினும் கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2023ஆம் ஆண்டில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார் எழுதிய 91 தேர்வுக் கட்டுரைகளை ஏழு சோதனைக் கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாக நூற்றுக்கு 61 பங்கு பொறி எழுதியது என்று தீர்ப்பு வந்தது. எளிய சொற்களையும் பழகிய வாக்கியங்களையும் கருவிகள் பொறியின் அடையாளமாகக் கொண்டமையே காரணம். கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ ஒரு மாணவி இரவெல்லாம் விழித்துத் தானே எழுதிய ஆங்கிலக் கட்டுரைக்கு இத்தகைய தீர்ப்புக் கிடைக்குமாயின், அவள் தன் உண்மையை எதைக் கொண்டு நிறுவுவாள்? கள்வரைப் பிடிக்க விரித்த வலையில் உழைப்பாளி அகப்படுவது நீதியாகாது.

இந்நிலையில் நம் முன்னோர் கையாண்ட முறைகளை நினைத்தல் தகும். இக்கடற்கரையின் மதரசாக்களிற் பயின்றோர் அறிவிப்பாளர் தொடர் என்பதை நன்கறிவர். நபிமொழி என ஒரு செய்தி வந்தால், அதன் வாசகத்தோடு, அதனைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருக்கு முன் கேட்டவர் யார் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அறிஞர் ஆராய்ந்தனர். அறிவிப்பாளரின் நேர்மையும் நினைவாற்றலும் எடைபோடப்பட்டன. கி.பி. 870இல் மறைந்த இமாம் புகாரி, ஒருவர் மற்றவரைச் சந்தித்தமைக்குச் சான்று இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தார். அழகிய வாசகத்தை எவரும் புனையலாம். சந்தித்த மனிதர்களின் தொடரைப் புனைந்து, அதனை அறிந்தோர் நடுவே நிலைநிறுத்துவது எளிதன்று.

தமிழ் மரபிலும் இதனையொத்த முறை இருந்தது. 13ஆம் நூற்றாண்டினதாகிய நன்னூல், சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை முதலில் வைக்கின்றது. வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன தொடர்கின்றன. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்ப்பாரும் உளர். களம் என்பது நூல் அரங்கேறிய அவை. புலவர் அவையின் முன் நின்று, தாம் இயற்றியதை ஓதி, எழும் தடைகளுக்கு விடை கூறவேண்டும். விடை கூறும் ஆளைக் காணுதலே நூலுக்கு அமைந்த சான்று.

கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் இம்மரபைப் போற்றினார். பல்லாண்டு உழைத்து இயற்றிய யாழ்நூலை 1947 ஜூனில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அறிஞர் முன்னிலையில் அரங்கேற்றினார். அடுத்த மாதமே அவர் மறைந்தார். அந்நூல் யாருடைய உழைப்பு என்பதற்குக் கேட்டோர் கூட்டமே சாட்சியாயிற்று.

இக்காலப் பொறியியலாரும் இந்த வழிக்கே திரும்பி வருகின்றனர். 2021ஆம் ஆண்டில் அடோபி, மைக்ரோசாப்ட், பீ.பீ.சீ. முதலிய நிறுவனங்கள் கூடி, ஒரு படம் எக்கருவியிற் பிறந்தது, பின்னர் எவ்வெம் மாற்றம் பெற்றது என்பதைப் படத்துடனேயே பதித்துவைக்கும் முறையை வகுக்கத் தொடங்கின. இதுவும் ஒரு தொடரே. ஆயினும் பதிவை நீக்கிவிடுதல் இயலும். பொய்யரும் கையொப்பமிடுதல் கூடும். ஆதலால் தொடரில் நிற்கும் மனிதரின் நேர்மையை அறியும் பொறுப்பு நம்மை விட்டு நீங்குவதில்லை.

ஆசிரியர் மாணவியின் கட்டுரையை ஐயுற்றால், கருவியின் எண்ணைக் காட்டித் தண்டியாது, அவளை அருகழைத்து, இதனை எங்ஙனம் எழுதினாய் என்று கேட்கட்டும். அவளும் தன் முதற்படிகளைப் பேணிவைத்துக் காட்டட்டும். அதுவே சிறியதோர் அரங்கேற்றம். மருதமுனையில் தறியின் ஒலி கேட்கும் வீட்டுக்கே சென்று துணி வாங்குபவர், இது கைத்தறிதானா என்று கேட்பதில்லை. நெய்தவரை அவர் நேரே கண்டிருக்கின்றார்.