பீரங்கி முழக்கமும் ஆம்பல் குளமும்

1914ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, ஓவியர் க்ளோத் மொனே தம் நண்பரும் விமர்சகருமான குஸ்தாவ் ஜெஃப்ராய்க்கு ஒரு கடிதம் எழுதினார். மீண்டும் வேலையைத் தொடங்கிவிட்டதாகவும், துயரமான நினைவுகளிலிருந்து விலகியிருக்க அதுவே சிறந்த வழி என்றும் அதில் சொல்கிறார். உடனேயே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார்: எத்தனையோ பேர் வதைபட்டுச் செத்துக்கொண்டிருக்கையில், வடிவம், வண்ணம் பற்றிய தம் சின்னஞ்சிறு ஆராய்ச்சிகளில் மூழ்கியிருப்பது சற்று வெட்கமாக இருக்கிறது என்று. முதல் உலகப்போர் தொடங்கி அப்போது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

இயற்கையில் ஆறுதல் கண்ட கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இந்த வெட்கத்தை விட்டுவிடுகிறோம். குளம், பூக்கள், வெள்ளைத்தாடிக் கிழவர் என்று ஒரு நாட்காட்டிப் படத்தோடு நிறைவடைந்துவிடுகிறோம். அவருக்குக் கிடைத்த நம்பிக்கை அவ்வளவு எளிதாகக் கிடைத்ததன்று.

முதலில் அந்தக் குளம். பாரீஸுக்கு வடமேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜிவெர்னி கிராமத்தில் மொனே 1883இல் வாடகைக்குக் குடியேறினார். 1890இல் அவ்வீட்டை விலைக்கு வாங்கினார். 1893இல், வீட்டுத் தோட்டத்துக்கு அப்பால் ஓடிய ரயில்பாதையின் மறுபுறத்தில் ஒரு நிலத்துண்டை வாங்கி, எப்த் ஆற்றின் கிளையோடையிலிருந்து நீரைத் திருப்பிக் குளம் அமைக்க அனுமதி கேட்டார். ஊர்க்காரர்கள் எதிர்த்தனர். வேற்றுநாட்டுச் செடிகள் ஓடைநீரைக் கெடுத்துவிடும் என்பது அவர்களின் அச்சம். மொனே மாவட்ட நிர்வாகிக்குக் கடிதம் எழுதிப் போராடித்தான் அனுமதி பெற்றார்.

அவர் அங்கு வளர்த்தவை நாம் ஆம்பல் என்றும் அல்லி என்றும் அழைக்கும் இனத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பாவின் குளிரைத் தாங்கிய ஆம்பல் வெண்ணிறம் மட்டுமே கொண்டிருந்த காலம் அது. லத்தூர்-மார்லியாக் என்ற பிரெஞ்சுத் தாவர வளர்ப்பாளர் அதை வேறு இனங்களோடு கலந்து மஞ்சளும் சிவப்பும் இளஞ்சிவப்புமான புது வகைகளை உருவாக்கி, 1889ஆம் ஆண்டு பாரீஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார். மொனே அவருடைய பண்ணையிலிருந்தே செடிகளை வரவழைத்தார். இலைகளின் மீது படியும் தூசியைத் துடைத்து, குளத்தைச் சுத்தமாக வைத்திருக்கவே தனியாக ஒரு தோட்டக்காரர் இருந்தார். ஆக, மொனே முன் விரிந்த இயற்கை மனிதக்கை படாத காடு அல்ல. வழக்கு, பணம், கலப்பினம், அன்றாட உழைப்பு ஆகியவற்றால் உண்டாக்கப்பட்ட ஒன்று. அவர் தேடிப்போய்க் கண்டடைந்த இயற்கை என்பதைவிட, இருபதாண்டுகள் பராமரித்துச் சம்பாதித்துக்கொண்ட இயற்கை என்பதே பொருந்தும்.

பிறகு இழப்புகள் வந்தன. 1911இல் மனைவி ஆலிஸ் மறைந்தார். 1912இல் கண்புரை இருப்பது தெரியவந்தது. 1914 பிப்ரவரியில் மூத்த மகன் ழான் இறந்தார். மொனே ஏறக்குறைய தூரிகையைக் கைவிட்டிருந்த காலம் இது. இளவயதுத் தோழரான அரசியல்வாதி ஜார்ஜ் க்ளெமான்ஸோவின் தூண்டுதலும், ழானின் மனைவி ப்ளான்ஷின் துணையுமே அவரை மீண்டும் ஓவியத்தின் பக்கம் திருப்பின. சுவர்களைச் சுற்றிவரும் பெரும் ஆம்பல் ஓவியங்கள் என்ற பழைய கனவை அவர் மறுபடி கையிலெடுத்தார். சில மாதங்களில் போர் வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஜெர்மானியப் படை பாரீஸை நெருங்கியபோது பலர் ஊரைவிட்டு வெளியேறினர். மொனே போகவில்லை. சாவதானால் தம் ஓவியங்களுக்கு நடுவிலேயே சாவேன் என்று எழுதினார். இளைய மகன் மிஷெல் போர்முனைக்குச் சென்றார். ஜிவெர்னியில் பீரங்கி முழக்கம் கேட்ட நாட்கள் உண்டு. அந்தக் காலத்தில்தான் அவர் பெரிய திரைச்சீலைகளுக்காகவே தோட்டத்தில் ஒரு மாபெரும் ஓவியக்கூடத்தைக் கட்டி, இரண்டு மீட்டர் உயரமுள்ள திரைகளில் நீரை வரைந்துகொண்டிருந்தார். அவற்றில் கரை இல்லை, அடிவானம் இல்லை. மேகம் நீரில் கிடக்கிறது. அழுவதுபோல் கிளை தாழ்த்தும் வில்லோ மரங்கள் குளத்தின் மேல் கவிந்திருக்கின்றன. போரின் இறுதியாண்டில் அந்த மரங்களை மட்டும் தனியே வரைந்த ஒரு வரிசையும் உண்டு. முறுக்கி நெளியும் அந்த அடிமரங்களைப் பார்ப்பவர்கள் இவர் போரை வரையவில்லை என்று சொல்லத் தயங்குவார்கள்.

1918 நவம்பர் 11ஆம் தேதி போர்நிறுத்தம் கையெழுத்தானது. மறுநாளே மொனே, அப்போது பிரதமராக இருந்த க்ளெமான்ஸோவுக்கு எழுதினார்: இரண்டு அலங்காரப் பலகங்களை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன், வெற்றிநாளன்று கையொப்பமிட்டு அவற்றை நாட்டுக்குத் தர விரும்புகிறேன் என்று. வெற்றியில் பங்குகொள்ள இது ஒன்றே தமக்குள்ள வழி என்பது அதன் சாரம். நான்காண்டுகளுக்கு முன் வெட்கப்பட்ட அதே மனிதர்தான் இதை எழுதினார். வெட்கம் நீங்கிவிட்டது என்று நான் எண்ணவில்லை. செய்த வேலையை இறந்தவர்களின் நாட்டுக்கே கொடுத்துவிடுவதன் மூலம் அவர் அந்த வெட்கத்துக்குப் பதில் சொல்ல முயன்றார் என்று தோன்றுகிறது.

இரண்டு பலகங்களாகத் தொடங்கிய அன்பளிப்பு வளர்ந்துகொண்டே போனது. கண்ணோ மங்கிக்கொண்டே வந்தது. வண்ணக்குழாய்களின் பெயர்ச்சீட்டுகளையும், தட்டில் வண்ணங்களை வைக்கும் பழகிய வரிசையையும் நம்பி வேலைசெய்ய வேண்டிய நிலை. 1923இல் வலது கண்ணில் அறுவைசிகிச்சை நடந்தது. பிறகு உலகம் சிலசமயம் மஞ்சளாகவும் சிலசமயம் அதீத நீலமாகவும் தெரிந்தது. பொறுக்கமுடியாமல் சில ஓவியங்களை அவரே அழித்தார். கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கவும் பார்த்தார். மருத்துவம் படித்தவரான க்ளெமான்ஸோ கெஞ்சியும் கோபித்தும் அவரை விடாமல் பிடித்துவைத்தார். 1926 டிசம்பர் 5ஆம் தேதி, தம் 86ஆம் வயதில் மொனே இறந்தபோது பலகங்கள் இன்னும் அவர் வீட்டிலேயே இருந்தன.

1927 மே மாதம் பாரீஸில் துய்லெரி தோட்டத்தின் ஒராஞ்செரி கட்டடத்தில், இரண்டு நீள்வட்ட அறைகளில் அவை திறந்துவைக்கப்பட்டன. 22 பலகங்கள், 8 ஓவியங்கள், ஏறத்தாழ 100 மீட்டர் நீளம். கிழக்கே விடியலின் நிறங்கள், மேற்கே அந்தியின் நிறங்கள். வந்து பார்த்தவர்கள் சிலரே. கனசதுரவாதத்துக்கும் மிகையதார்த்தவாதத்துக்கும் பழகிய தலைமுறைக்கு அவர் காலாவதியான கலைஞராகத் தெரிந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னர், 1950களில்தான், வடிவமற்ற வண்ணத்தைத் தேடிய ஓவியர்கள் அந்தச் சுவர்களைத் தம் முன்னோடி என்று அடையாளம் கண்டுகொண்டனர்.

இந்த வரலாற்றிலிருந்து நான் பெறுவது இதுதான். இயற்கை மொனேவுக்கு எந்த வாக்குறுதியும் அளிக்கவில்லை. குளம் போரை நிறுத்தவில்லை, மகனை மீட்டுத் தரவில்லை, கண்ணைக் குணமாக்கவில்லை. அது அவருக்கு அளித்தது நாளைக்கான வேலை ஒன்றை மட்டும்தான். ஒளி மாறிக்கொண்டேயிருப்பதால் அந்த வேலை முடிவதேயில்லை. நம்பிக்கை என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறிய, ஆனால் இதைவிட உறுதியான பொருள் ஒன்று இருக்குமா என்று தெரியவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே அந்த முதியவர் மறுநாள் காலையும் குளக்கரைக்குப் போனார்.