வலி, வளி, வழி - நூலகப் பட்டியல் மாறின கதை

திஸ்கியிலேர்ந்து யுனிகோடுக்கு மாறின காலம் ஞாபகம் இருக்கா மக்களே? பழைய பதிவை ஒவ்வொண்ணா எடுத்து, பொங்குதமிழ் பெட்டியில ஒட்டி, மாத்தி, திரும்ப ஒட்டி... அம்பது பதிவுக்கே நாக்கு தள்ளிச்சு. ஒரு லட்சம் புத்தகம் வச்சிருக்கிற நூலகம் தன் பட்டியலை மொத்தமா மாத்தணும்னா?

நம்ம ஊர்ல இதைக் கம்ப்யூட்டர் இல்லாமலே செஞ்சிருக்காங்க. பிரசிடென்சி காலேஜ் கணக்கு வாத்தியார் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டன் போனப்போ செல்ஃப்ரிட்ஜஸ் கடையில மெக்கானோ பொம்மையைப் பார்த்து அவருக்கு வந்த யோசனைதான் கோலன் பகுப்புமுறை. 1933-ல் புத்தகமாவும் வந்துடுச்சு. நூலகத்துல இருந்த புத்தகங்களை இந்தப் புது முறைக்கு மாத்தினாங்க. புத்தகத்தை எடு, எண் போடு, அட்டை எழுது, அடுத்தது. மெதுவான வேலைதான். ஆனா ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு மனுஷன் கண்ணால பார்த்தார், அதை மறந்துடாதீங்க.

அப்புறம் 1960-களில் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துல ஹென்றியெட் அவ்ரம் என்ற அம்மையார் 'மார்க்' வடிவத்தை உருவாக்கினார். பதிவோட தலையில முதல் அஞ்சு இலக்கம் மொத்த நீளம். அடுத்து ஒரு அட்டவணை: ஆசிரியர் பெயர் எத்தனையாவது இடத்துல ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம், தலைப்பு எங்கே, இப்படி. எல்லாமே எண்ணிக்கை! யுனெஸ்கோ இலவசமா கொடுத்த சிடிஎஸ்/ஐசிஸ் மென்பொருள் இந்திய நூலகங்கள்ல பரவலா ஓடிச்சு. அதுலேர்ந்து பதிவை வெளியே எடுத்தாலும் ஐஎஸ்ஓ 2709-ன்ற இதே மாதிரி அமைப்புலதான் வரும்.

இங்கதான் தமிழுக்கு வந்தது வில்லங்கம். திஸ்கியில 'கு' ஒரு பைட். யுடிஎஃப்-8-ல ஆறு! எழுத்தை மட்டும் மாத்திட்டு அட்டவணையை மாத்தாம விட்டா, தலைப்பு இருக்க வேண்டிய இடத்துல ஆசிரியர் பெயரோட வால் வந்து உக்காரும். போதாக்குறைக்கு திஸ்கியில கொம்பு முன்னாடி, யுனிகோடுல பின்னாடி.

இதையாவது கண்ணால பார்த்துக் கண்டுபிடிச்சிடலாம். ரோமன் எழுத்துல இருக்கிற பட்டியல்தான் எனக்கு நிஜமாவே கவலை. அதுல ல, ள, ழ மூணையும் எல் எழுத்துக்குக் கீழே போடுற புள்ளியையும் கோட்டையும் வச்சுத்தான் பிரிக்கிறாங்க. புண்ணியவான் ஒருத்தர் "இந்தக் குறியெல்லாம் தேடலுக்கு இடைஞ்சல்"னு ஒரே தட்டுல எல்லாத்தையும் எடுத்துட்டா, வலி, வளி, வழி மூணும் ஒண்ணாயிடும். திரும்பப் பிரிக்க எந்த மென்பொருளாலயும் உறுதியா முடியாது. புத்தகத்தை மறுபடி கையில எடுத்துத்தான் பார்க்கணும், ரங்கநாதன் காலம் மாதிரி.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுசு பூரா சேர்த்தது இன்னிக்கு தரமணியில இருக்கு. 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கினதால பொழைச்சது. அடையாறு நூலகம் 1886-லேர்ந்து இருக்கு, பெசன்ட் நகர்ல உ.வே.சா. நூலகம். இந்த மாதிரி இடங்கள்ல வேற எங்கேயும் பார்க்கக் கிடைக்காத பழைய பதிப்பு அலமாரியில பத்திரமா இருக்கலாம். பட்டியல்ல எழுத்து கெட்டுப்போனா வாசகனைப் பொறுத்தவரை அது இல்லாத புத்தகம்தான்.

அதனால மொத்தமா மாத்தித் தரச் சொல்லிக் கேக்கறவங்க "தமிழ்ப் பதிவுகளைச் சரிசெய்யவும்"னு ஒத்தை வரியில எழுதக் கூடாது. எந்தப் புலம், இப்போ எந்தக் குறியீடு, எதுக்கு மாறணும், எதைத் தொடவே கூடாது, எல்லாம் எழுதணும். பழைய கோப்பைத் தனியா பூட்டி வைக்கணும். முதல்ல அம்பதே அம்பது பதிவு ஓட்டிப் பார்க்கணும். அந்த அம்பதுல 'ழ' வர்ற தலைப்பு, கொம்பு வர்ற பெயர், க்ஷ, ஸ்ரீ எல்லாம் கண்டிப்பா இருக்கணும். பதிவு எண் மட்டும் மாறவே கூடாது. அது இருந்தாத்தான் பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு ஒப்பிட முடியும். ஒப்பிட்டுப் பார்க்கிற ஆளுக்குத் தமிழ் படிக்கத் தெரிஞ்சிருக்கணும்னு தனியா வேற சொல்லணுமா? சொல்லணும் சாமி, சொல்லணும் :-)