நெட் இல்லாமலும் பழைய கேம் ஆடலாம்... பஸ் ஏறும் முன் என்ன செய்யணும்?

காந்திபுரத்தில் மைசூரு பஸ் ஏறினால், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ஆன்லைன் கேம் அங்கே நின்றுவிடும். எமுலேட்டரில் ஆடும் கேம் நிற்காது. எப்படி?

எமுலேட்டர் என்றால் என்ன?

பழைய கேம் கருவியின் வேலையை மொபைலையே செய்ய வைக்கும் ஆப் இது. பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் கேம்களுக்காக 2012-ல் வந்த பிபிஎஸ்எஸ்பிபி ஒரு உதாரணம். ஆப், கேம் ஃபைல், சேவ் மூன்றும் போனுக்குள்ளேயே இருப்பதால், ஆடும்போது சர்வர் தேவையில்லை.

நெட் எப்போது தேவை?

ஆப்பை இறக்கும்போது மட்டும்தான். ரெட்ரோஆர்ச் ஆப் என்றால், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக உள்ள 'கோர்' ஃபைலையும் வைஃபை இருக்கும்போதே இறக்கிடுங்க. பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் கேம் ஒன்று 1.8 ஜிபி வரை இருக்கலாம். போனில் இடம் இருக்கான்னு பாருங்க. கிளம்பும் முன் ஏரோபிளேன் மோடில் போட்டு, கேம் திறக்கிறதா என்று ஒருமுறை சோதிப்பது நல்லது.

இரண்டு பேர் ஆடலாமா?

பல கேம்களில் முடியும். ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு போனை இணைத்து, பிபிஎஸ்எஸ்பிபி செட்டிங்கில் உள்ள அட்ஹாக் சர்வரை ஆன் செய்யணும். டேட்டா செலவாகாது.

இதில் உஷார்!

'இலவச கேம்' தளங்களில் பதிப்புரிமை சிக்கலும் உண்டு, வைரஸ் ஆபத்தும் உண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கின் பிரதியையே பயன்படுத்துங்க. ஆப்பை அழித்தால் சேவும் சேர்ந்து போகலாம். 'சேவ்டேட்டா' ஃபோல்டரை முதலிலேயே காப்பி எடுத்து வைத்தால், மாசக்கணக்கில் ஆடியது வீணாகாது.