ஆற்று மணலில் ஓர் இராத்தங்கல்

மதுரைச் சித்திரைத் திருவிழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அழகர் எங்கே புறப்பட்டார், எங்கே நின்றார், எந்த மண்டபத்தில் என்ன உடுத்தினார் என்று நாழிகை பிசகாமல் எழுதிவிடுவார்கள். அவரைப் பார்க்க வந்த ஜனம் அன்றைக்கு ராத்திரி எங்கே படுத்தது என்று யாரும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் கதை நேர்மாறாக நடக்கும். அப்பத்தா திருவிழாவைச் சொல்ல ஆரம்பித்தால் அழகர் வருவதற்கு வெகுநேரம் ஆகும். வண்டியை எங்கே அவிழ்த்தார்கள், பக்கத்தில் எந்த ஊர்க்காரர்கள், ஊற்றில் தண்ணீர் எத்தனை முழத்தில் வந்தது, இதெல்லாம் முடிந்த பிறகுதான் குதிரை வாகனம் வரும்.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே, கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல். பங்குனியோடு பருத்தி எடுப்பு முடிந்துவிடும். மறுபடி விதைப்புக்கு மழையைப் பார்க்கிற வரைக்கும் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மாடு சும்மா நின்று தின்னும். சித்திரை மாதத்தின் இந்த வெறுமைதான் திருவிழாவுக்கே அடிப்படை என்பது என் எண்ணம். மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசியில் நடந்தன என்றும், திருமலை நாயக்கர்தான் சித்திரைக்கு மாற்றினார் என்றும் சொல்வார்கள். அவர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. மாசி அறுப்புக் காலம், அவ்வளவு பெரிய தேரை இழுக்க ஆள் கிடைக்கவில்லை என்பது அதற்குச் சொல்கிற காரணம். அழகரும் அதுவரை சோழவந்தானை அடுத்த தேனூரில்தான் ஆற்றில் இறங்கினாராம். நாயக்கர் அதை மதுரைக்குக் கொண்டுவந்து இரண்டு விழாவையும் ஒட்டவைத்தார். வண்டியூர் அருகே ஆற்றுக்குள் நிற்கிற மண்டபத்துக்கு இன்றைக்கும் தேனூர் மண்டபம் என்றே பெயர். சைவம், வைணவம் இணைந்தது என்று இதைப் பாராட்டிப் பேசுவார்கள். இருக்கட்டும். எனக்கு அதில் பெரிதாகப் படுவது, வேலையில்லாத விவசாயியையும் வேலையில்லாத மாட்டையும் முழுநிலாவையும் ராசா ஒரே நாளில் கொண்டுவந்து நிறுத்தியதுதான்.

பௌர்ணமி எப்போது என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் முன்கூட்டி ஏற்பாடு செய்து போனதில்லை. முதல் நாள் மத்தியானம்கூட, "இந்த வருசம் எங்கிட்டுப் போக" என்றுதான் பேச்சு இருக்கும். விருதுநகர் ரோட்டில் தெற்கத்தி வண்டிகளின் சலங்கைச் சத்தம் கேட்டதும் அப்பத்தாவுக்குக் கால் நிலைகொள்ளாது.

"ஏப்பா, மாட்டுக்கு என்ன வேலை கெடக்கு? வண்டியப் பூட்டு."

"ஆத்தா, அச்சுக்கு மை போடல. கையில காசும் இல்ல."

"காசு எதுக்கு? அழகருக்குக் கூலி குடுக்கவா போறோம்?"

அவ்வளவுதான். ஒரு பக்கம் உலை வைத்துப் புளி கரைப்பார்கள். இன்னொரு பக்கம் கருக்கிய வைக்கோலை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்குப் பூசுவார்கள். கூண்டுக்குள் வைக்கோலைப் பரப்பி மேலே சமுக்காளம். வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு. பருத்திக்கொட்டை ஒரு சாக்கு. மனுசருக்குக் கட்டுச்சோறு எடுத்துவைக்கும் முன்பே அது ஏறிவிடும். வெயில் தாழப் பூட்டினால் திருமங்கலத்தில் ஒரு தடவை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, நிலா வெளிச்சத்தில் திருப்பரங்குன்றத்து மலையைத் தாண்டி, நடுச்சாமத்துக்கு ஆற்றில் இறங்கிவிடலாம். மதுரைக்கு 1875லேயே ரயில் வந்துவிட்டது. ரயிலுக்கு நேரம் பார்க்கவேண்டும், சீட்டு வாங்கவேண்டும், அதில் ஆட்டுக்குட்டியையும் சட்டிபானையையும் ஏற்றமுடியாது. திடீரென்று கிளம்புகிறவர்களுக்கு வண்டிதான்.

வைகையின் நீளம் 258 கிலோமீட்டர். வருசநாட்டு மலையில் பிறந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்குகிற ஆறு. மழையை நம்பிப் பிழைக்கிற ஆறு. பரிபாடலில் வையையைப் பாடிய பாடல்களைப் பார்த்தால், புதுவெள்ளம் வந்துவிட்டது என்ற செய்தி கேட்டவுடன் மதுரைக்காரர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த ஓட்டம் நீருக்காக. சித்திரையில் எங்கள் ஆட்கள் ஓடியது மணலுக்காக. கரைக்குக் கரை வெண்மணல். பகலில் கால் வைக்கமுடியாது. பொழுது விழுந்து கொஞ்ச நேரத்தில் குளிர்ந்துவிடும். இரண்டு முழம் தோண்டினால் ஊற்று. கொட்டாங்குச்சியால் முகந்து முகந்து பானையில் ஊற்றுவது பெண்பிள்ளைகளின் வேலை. கலங்கலான முதல் தண்ணீர் மாட்டுக்கு, தெளிந்த பிறகு வருவது வீட்டாருக்கு.

வண்டிகளைச் சக்கரத்தோடு சக்கரம் சேர்த்து வளைத்து நிறுத்துவார்கள். வளைவுக்குள் பெண்களும் பிள்ளைகளும். நுகத்தடிப் பக்கம் மாடு. வெளியே ஆண்கள் துண்டை விரித்துப் படுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அவர்கள் படுத்ததாக அப்பத்தா சொன்னதில்லை. "அவுக எல்லாம் தமுக்கம், தல்லாகுளம்னு சுத்தப் போயிருவாக. நாங்கதான் ஆத்துக்குள்ள கெடப்போம்" என்பார். அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. வருசம் முழுக்க அடுப்படிக்கும் காட்டுக்கும் நடந்த பெண்களுக்கு, கூரை இல்லாத இடத்தில் மல்லாந்து படுத்து, பக்கத்து ஊர்ப் பெண்களோடு விடியவிடியப் பேசக் கிடைத்த ஒரே ராத்திரி அது. பல கல்யாணங்கள் அந்த மணலில்தான் பேசப்பட்டன. எங்கள் அத்தையைக் கொடுத்த இடமும் அப்படி வண்டிக்கு வண்டி பேசி முடித்ததுதான்.

எல்லோரும் ஒன்றாகப் படுத்தார்கள் என்று அளந்துவிட மாட்டேன். ஊர் ஊராக, சாதி சாதியாகத்தான் வண்டிகள் நின்றன. ஊற்றும் தனித்தனி. ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிட்டு இந்த விழாவைப் பேசமுடியாது. மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரும் நாடார்களும் நுழைய முடிந்தது 1939 ஜூலை 8ஆம் தேதிதான். வைத்தியநாதய்யர் முன்நிற்க, கக்கன் உள்ளிட்டவர்கள் உள்ளே போனார்கள். அதற்கு முன்பு சுற்றுவட்டாரத்திலிருந்து வண்டி கட்டி வந்த ஜனத்தில் பெரும்பகுதிக்கு அந்தக் கோபுரங்களைத் தூரத்தில் இருந்து பார்க்கத்தான் வாய்த்தது. ஊருக்குள் சத்திரங்கள் உண்டு. அங்கேயும் திண்ணை யாருக்கு, உள்கட்டு யாருக்கு என்ற கணக்கு உண்டு. ஆற்று மணலுக்குப் பட்டா கிடையாது. அங்கே படுத்தவனை எழுந்து போ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சாமியும் அங்கேதான் இறங்கி வந்தது, அதுவும் கொண்டையும் வளைதடியுமாகக் கள்ளர் வேடம் பூண்டு. தொ. பரமசிவன் தமது 'அழகர்கோயில்' நூலில் கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என ஒவ்வொரு சாதியாருக்கும் இந்தக் கோயிலோடு உள்ள உறவைத் தனித்தனியாக ஆராய்ந்திருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

விடியலில் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையோடு குதிரையில் அழகர் இறங்குவார். என்ன நிறத்துப் பட்டு என்று முன்னால் நிற்பவர்கள் பின்னால் கத்திச் சொல்வார்கள். பச்சை என்றால் அந்த வருசம் வெள்ளாமை உண்டு. ஆட்டுத்தோல் பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சுவார்கள், சர்க்கரை நிரப்பிய சொம்பின் மேல் சூடம் ஏற்றி நீட்டுவார்கள், மணலிலேயே மொட்டை. அழகரும் அன்றே அழகர்மலைக்குத் திரும்புவதில்லை. வண்டியூரில் ஓர் இரவு தங்குகிறார். துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குவதாக ஜனங்கள் சொல்லும். கோயில்காரர்கள் வீரராகவப் பெருமாள் கோயில் என்பார்கள். மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்த்து, இரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். அதையும் பார்த்துவிட்டுத்தான் போவது என்று நிற்பவர்கள், கையில் காசு இருந்தால் பருத்திப்பால் குடித்துத் தூக்கத்தைத் தள்ளுவார்கள். எங்கள் வீட்டில் காசு இருந்ததில்லை. பெரும்பாலும் ஒரே ராத்திரிதான்.

சுகாதாரம் என்று பார்த்தால் அது ஒரு கொடுமை. அத்தனை ஆயிரம் பேரும் அத்தனை மாடுகளும் எந்த மணலில் இருந்தார்களோ அதே மணலைத் தோண்டித்தான் குடித்தார்கள். திருவிழா என்றால் காலரா என்று அரசாங்கம் பயந்தது சும்மா இல்லை. ஆற்றுக்குள் இறங்குகிற வழியில் ஊசி போட ஆள் நிற்பார்களாம். அப்பத்தா ஒரு வருசம் வைக்கோலுக்கு அடியில் ஒளிந்து தப்பியதைக் கடைசிவரை பெருமையாகச் சொன்னார். அவருடைய தங்கை ஒருத்தி சிறுவயதில் வாந்திபேதியில் போனவர். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை.

1889ல் ஆல்பர்ட் விக்டர் பாலம் வந்தது. இரு கரைக்கும் போக ஆற்றில் இறங்கத் தேவையில்லாமல் போயிற்று. வேடிக்கை பார்க்க ஒரு மாடி கிடைத்தது, அவ்வளவுதான். மணல் மாறவில்லை. 1895ல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது. அது பேரணையிலிருந்து வயலுக்குப் போயிற்று. நிலைமை மாறியது 1959ல் ஆண்டிபட்டி அருகே வைகை அணை திறந்த பிறகு. அழகர் இறங்குகிறார் என்று அணையிலிருந்து தண்ணீர் விடுவது வழக்கமாயிற்று. சாமி நீரில் இறங்கவேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் சாமிக்கு விட்ட தண்ணீர் படுத்திருந்தவர்களின் இடத்தில்தான் ஓடியது. நான் சிறுபிள்ளையாக வண்டியில் போனபோது ஆற்றின் நடுவே ஒரு பங்கு தண்ணீர். ஓரங்களில் இன்னும் மணல் இருந்தது. நாங்கள் ஓபுளா படித்துறைக்கு எதிரே கிடந்தோம். ராத்திரி தண்ணீர் ஏறிவிடுமோ என்று அப்பா தூங்காமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அந்த ஓரமும் போயிற்று. மணலை லாரி லாரியாக அள்ளினார்கள். அள்ளிய இடத்தில் களிமண்ணும் சீமைக்கருவேலும், சாக்கடை தேங்கிய இடத்தில் ஆகாயத்தாமரையும். அண்மையில் இரு கரையிலும் சாலை போட்டு நெடுகச் சுவர் எழுப்பிவிட்டார்கள், தடுப்பணையும் கட்டினார்கள். கரிசலில் டிராக்டர் வந்ததும் மாடுகள் போயின. மாடு போனால் வண்டி ஏது? பஸ் வந்தது, விடியலுக்குள் வந்து மத்தியானத்துக்குள் திரும்பலாம். பக்தி குறைந்துவிட்டதால்தான் இராத்தங்கல் போயிற்று என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கூட்டம் முன்னைவிடப் பெருத்திருக்கிறது. அதற்குத்தான் நிற்க இடமில்லை. 2022ல் அழகர் இறங்கிய விடியலில் நெரிசலில் 2 பேர் செத்துப் போனார்கள். அதற்கு முந்திய இரண்டு வருசம் கொரோனாவால் ஆறு ஆளில்லாமல் கிடந்தது.

இன்றைக்கும் ராத்திரி தங்குகிற ஜனம் இல்லாமல் இல்லை. தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் வரை சாலை நடுத்திட்டிலும் கடை வாசல்களிலும் பிளாஸ்டிக் சாக்கை விரித்துப் படுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் என் அப்பத்தா வயதுப் பெண்கள். போன சித்திரையில் அண்ணன் மகனிடம், முதல் நாளே போய்விடலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு அத்த? ரெண்டு மணிக்கு பைக்க எடுத்தா மூணுக்கு அங்க நிப்போம். ராத்திரி எங்க போய்ப் படுப்பீக?"

ரோட்டில் படுத்திருப்பவர்களைச் சொன்னேன். தார் பகல் சூட்டை நடுச்சாமம் வரை விடாது, உங்களுக்கு முதுகுவலி வேறு என்றான். சரிதான். இருந்தாலும் அழகர் இறங்குவதற்கு முதல் நாள், எதிர்சேவை அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஏறிவிட்டேன். பையில் ஒரு சமுக்காளமும் புளிச்சோறும் இருந்தன, அவனிடம் சொல்லவில்லை.