வேற்றுமொழி வகுப்பில் அச்சம்: அளவை பிறந்த வரலாறு

உள்ளத்து உணர்ச்சி உடலின்கண் புலப்படுதலை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் அச்சத்தை மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக வைத்தார். ஆயின், வேற்றுமொழி கற்கும் வகுப்பில் தோன்றும் அச்சம் எளிதிற் புலப்படுவதன்று. அஞ்சி வாய் திறவாத மாணவன், அறியாதவன் என்றோ சோம்பியவன் என்றோ கருதப்படுகின்றான். மறைந்து நிற்கும் அவ்வச்சத்தை எண்ணால் அளக்க முயன்ற வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1960இல் ஆல்பர்ட், ஹேபர் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர், தேர்வு பற்றிய அச்சத்தை ஊக்குவது, தளர்த்துவது என இருவகைப்படுத்தி, இரண்டையும் தனித்தனியே அளக்க வினாநிரல் அமைத்தனர். மொழி வகுப்பை ஆராய்ந்தோர் பலர் இத்தகைய பொதுக் கருவிகளையே கையாண்டனர். முடிவுகள் ஒன்றோடொன்று முரணின. 1978இல் ஸ்கோவல் அவற்றைத் தொகுத்து நோக்கி, எவ்வகை அச்சம் அளக்கப்படுகின்றது என்னும் தெளிவின்மையே முரணுக்குக் காரணம் எனக் காட்டினார். கனடாவில் கார்ட்னர் குழுவினர் பிரெஞ்சு வகுப்பிற்கெனத் தனி வினாக்கள் அமைத்திருந்தனர். எனினும், பிறமொழி வகுப்புகட்கும் பொதுவாகும் விரிந்த அளவை பின்னரே தோன்றிற்று.

1983ஆம் ஆண்டுக் கோடையில், ஆஸ்டின் நகர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், தொடக்கநிலை மொழி வகுப்பு மாணவர் 225 பேருக்கு, மொழி கற்றலில் இடர்ப்படுவோர் கூடிப் பேச ஒரு துணைக்குழு அமையும் என அறிவிக்கப்பட்டது. விழைந்தோர் 78 பேர். இடம் கிடைத்ததோ 30 பேர்க்கே. அவர்கள் எடுத்துரைத்த துன்பங்கள் அளவைக்கு மூலங்களுள் ஒன்றாயின. எலேன் ஹார்விட்ஸ், மைக்கேல் ஹார்விட்ஸ், ஜோன் கோப் ஆகிய மூவரும் 1986இல் இவ்வளவையை வெளியிட்டனர்.

இதன்கண் கூற்றுகள் 33. ஒவ்வொன்றற்கும் முற்றும் உடன்படுதல் முதல் முற்றும் மறுத்தல் வரை ஐந்து நிலை விடைகள் உண்டு. ஆதலின் மொத்த மதிப்பு 33 முதல் 165 வரை அமையும். பெயர் அழைக்கப்படுங்கால் நெஞ்சு துடித்தல், உடல் நடுங்குதல் ஆகியவை பற்றியும் கூற்றுகள் உள. மெய்ப்பாட்டை ஆசிரியர் கண்டறியாவிடத்து, மாணவனையே சொல்லச் செய்வது இக்கருவி எனலாம். எட்டு வாரம் கழித்து மீண்டும் அளந்தபோது இரு மதிப்புகட்கும் இடையே ஒட்டுறவுக் கெழு 0.83 ஆயிற்று.

அச்சம் மிக்கார் குறைந்த மதிப்பெண் பெறுதலும் காணப்பட்டது. ஆயின், அச்சத்தால் கல்வி தளர்ந்ததோ, கல்வித் தளர்வால் அச்சம் பிறந்ததோ என்னும் வினாவிற்கு அளவை விடை கூறாது. தாய்மொழித் திறனிலுள்ள குறையே முதற்காரணம். அச்சம் அதன் விளைவு ஆகலாம் என ஸ்பார்க்ஸ், கான்ஷோ இருவரும் 1991இல் வாதிட்டனர். 1994இல் மெக்கின்டயரும் கார்ட்னரும் சொற்களைக் கற்கும் மாணவர்முன் திடீரெனப் படக்கருவியை வைத்து ஆய்ந்தனர். அச்சம் மிகுந்த அளவிற் கற்றலும் குன்றக் கண்டனர். எனவே அச்சம் காரணமாதலும் கூடும் என்பது பெறப்படுகின்றது.

இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பன என்பதே எம் கருத்து. ஆகவே, அளவை தரும் எண்ணை மாணவன்மேல் இடும் தீர்ப்பாகக் கொள்ளுதல் பிழை. அவனது வாய் ஏன் அடைபட்டது என ஆசிரியர் ஆராய்தற்கு அஃது ஒரு தொடக்கம், அவ்வளவே அதன் பயன், அதுவும் சிறிதன்று.