பந்தோபஸ்து: ஒரு சொல்லும் ஓர் ஊரும்

பந்தோபஸ்து என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது காவலர் அணிவகுப்பே. தேர்த் திருவிழாவிற்குப் போலீஸ் பந்தோபஸ்து, தேர்தலுக்குப் போலீஸ் பந்தோபஸ்து என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. ஆயினும் இச்சொல்லின் பிறப்பிலே காவலர் எவரும் இலர். பாரசீக மொழியில் ‘பந்த்’, ‘பஸ்த்’ என்னும் இரண்டும் கட்டுதல் என்ற ஒரே வேரில் கிளைத்தவை. இடையில் நிற்கும் ஓகாரம் நம் ‘உம்’ போன்றது. கட்டியும் பிணைத்தும் வைப்பது, அஃதாவது சிதறிக் கிடப்பதை ஒழுங்குறச் சேர்ப்பது, பந்தோபஸ்து ஆகும்.

1793-இல் காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் வகுத்த நிலவரித் திட்டத்தை வடநாட்டார் பந்தோபஸ்து என்றே குறிப்பர். கலியாண விருந்திற்குச் செய்யும் ஏற்பாடும் இந்தியில் பந்தோபஸ்தே. தமிழிலோ, ‘நகையைப் பந்தோபஸ்தாக வை’ என்றனர் நம் பாட்டிமார். அங்கே அது பத்திரம் என்னும் பொருள் பெற்றது. பின்னர்க் காவலையே பெரிதும் சுட்டலாயிற்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாமே இவ்விடத்தில் வழுக்கியதுண்டு. இந்திக் கோப்பு ஒன்றில் வந்த பந்தோபஸ்து அதிகாரியைப் ‘பாதுகாப்பு அதிகாரி’ என்று எழுதிவிட்டோம். அவரோ நிலத்தை அளந்து வரி வகுக்க வந்தவர்! மேலதிகாரி சுட்டிக்காட்டிய பின்பே திருத்தினோம்.

காவல், ஏற்பாடு என்ற இவ்விரு பொருள்களும் ஏட்டளவில் நிற்பன அல்ல. மக்கள் வாழ்விலும் எதிரெதிர் நின்றதுண்டு. அதனை நாம் வாழும் பெங்களூர்ப் பிரேசர் டவுனின் வரலாறு காட்டும்.

1809-இல் ஆங்கிலேயர் இந்நகரில் அமைத்த படைமுகாமைத் தமிழர் ‘தண்டு’ என்றனர். படையோடும் பிழைப்பை நாடியும் வந்த தமிழர் பலர் அதனருகே நெருங்கிக் குடியேறினர். 1896-இல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக் நோய் 1898-இல் பெங்களூரை அடைந்தது. அரசினர் முதலில் கைக்கொண்டது காவல் என்னும் பந்தோபஸ்து. 1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் அதற்குத் துணை நின்றது. பயணிகளைச் சோதித்தனர், நோயாளிகளைக் குடும்பத்தினின்றும் பிரித்தனர். நோய்க்கு அஞ்சியது போலவே மக்கள் சோதனைக்கும் அஞ்சினர். புனாவில் வீடு புகுந்து நடத்திய சோதனைகள் மூட்டிய சினத்தால், ராண்ட் என்னும் பிளேக் அதிகாரி 1897 ஜூன் 22 அன்று சுடப்பட்டார்.

1898-இல் கராச்சியில் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் சைமண்ட், எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று கண்டார். அறிஞர் உலகம் அதனை ஏற்கச் சில ஆண்டுகள் சென்றன. எலியை விலக்க வேண்டுமாயின், வேண்டுவது துப்பாக்கி அன்று, நல்ல வீடு.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்டின் நெருக்கடியைத் தணிக்க எழுந்த புதுக்குடியிருப்பே பிரேசர் டவுன். மைசூரில் ரெசிடெண்டாக விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் இதற்கு இடப்பட்டது. அகன்ற நேர்த்தெருக்களும், காற்றும் வெளிச்சமும் புகும் வீடுகளும் இதன் இலக்கணம். பிளேக் அணுகாதவாறு நகரமைக்கும் இம்முறையைப் பற்றிப் பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ் 1914-இல் ஒரு நூலே வெளியிட்டார். காவலால் மக்களைக் கட்டுவதை விட, வீட்டையும் தெருவையும் ஒழுங்குறக் கட்டுவது மேலான பந்தோபஸ்து என்பதை இவ்வூர் உணர்த்துகிறது.

இன்று இவ்வூரின் அரசாங்கப் பெயர் புலிகேசி நகர். எனினும் பிரேசர் டவுன் என்பதே மக்கள் நாவில் நிற்கிறது. சொற்களின் விதி அத்தகையது. வழக்கே அவற்றை ஆள்கிறது. ஆதலின் பந்தோபஸ்து என்பதன் பழம்பொருளை மீட்பதும் நம் வழக்கினாலேயே இயலும். அடுத்த திருவிழாவிற்குப் பலத்த பந்தோபஸ்து என்று கேட்கும்போது, காவலர் எத்தனை பேர் என்பதோடு நின்றுவிட வேண்டா. குடிநீருக்கும் நிழலுக்கும், குழந்தையோடு வரும் தாய்க்கும் என்ன பந்தோபஸ்து என்றும் வினவுவோமாக.